மஞ்சள் துணி கட்டிய கோடாலி

கோடாலியைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ரம்பம் கடித்தால் என் விரலோடு போகும். உளி வழுக்கினால் என் உள்ளங்கையோடு போகும். கோடாலி அப்படியில்லை. காம்பு சரியில்லை என்றால், ஓங்குகிறவரை விட்டுவிட்டு எதிரே இருக்கிறவரைத் தேடிப் போகும். அதனால் ஓங்குவதற்கு முன்னால் அதன் இரும்புத் தலையை ஆட்டிப் பார்ப்பேன், தட்டிச் சத்தம் கேட்பேன், எதிரே யாராவது நின்றால் தள்ளிப் போகச் சொல்வேன். என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார். "வெறகு பொளக்கப் போறியா, ஆபரேசன் பண்ணப் போறியா?" என்பார். போன பங்குனிக்குப் பிறகு அவர் சிரிப்பதில்லை.

எங்கள் வீடு வடகவுஞ்சியில். அவர் பிக்கப் வண்டியில் கேரட், பீன்ஸ், பூண்டு ஏற்றிப் பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் ஓட்டுகிறார். நான் கொடைக்கானலில் வெளியூர்க்காரர்களுடைய காட்டேஜ்களைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிவது இல்லை. குழாய் ஒழுகினால் வாஷர் போட வேண்டும், மழைக்கு உப்பிப்போன கதவை இழைத்துவிட வேண்டும், பாத்ரூம் தாழ்ப்பாள் உள்பக்கம் விழுந்துவிட்டால் கெஸ்ட்டை வெளியே எடுக்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்பார்கள். அவர்களுடைய நாளை எந்தக் கிழமை என்று யாருக்கும் தெரியாது. ஏச்சு வாங்குவது நான். அதனால் நானே செய்யப் பழகிக்கொண்டேன்.

கனடாச் சாமான் பைத்தியம் பிடித்தது ஒரு பீரோவால். ஒரு பழைய பங்களாவில் அதன் கதவு தொங்கிக் கிடந்தது. கீலைக் கழற்றலாம் என்று பார்த்தால் ஸ்க்ரூவின் தலையில் கோடும் இல்லை, பிளஸ் குறியும் இல்லை. சதுரமாக ஒரு குழி. என்னிடம் இருந்த எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் உட்காரவில்லை. ஆத்திரத்தில் பீரோவை ஒரு உதை விட்டேன், கால்தான் வலித்தது. அப்புறம் அடி இழுப்பறையைத் துழாவினால், பழைய செய்தித்தாளுக்குக் கீழே, முனை சதுரமான ஒரு ஸ்க்ரூ டிரைவர். செருகினேன். அந்த ஸ்க்ரூ அதன் முனையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது, கீழே விழவில்லை. கம்பியைத் துடைத்துப் பார்த்தபோது 'மேட் இன் கனடா' என்று பொடி எழுத்தில் வெட்டியிருந்தது. முன்பு அங்கே இருந்த ஒரு கனடாக்காரக் குடும்பம் விட்டுப்போனதாம். எடுத்துக்கொள் என்று இப்போதைய ஓனர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு என் கண் அதையே தேடியது. பங்களாக்களைக் காலி செய்கிறார்கள் என்றால் போய் நிற்பேன். பழைய இரும்புக் கடையில் துருவேறிய சாமான்களைப் புரட்டி எழுத்தைத் தேடுவேன். ஒரு சின்ன இழைப்புளி, கையால் சுற்றுகிற துளைக் கருவி, என்னால் ஒரு கையில் தூக்க முடியாத பைப் ரெஞ்ச், உளிகள் என்று சேர்ந்துவிட்டன. ஷோ கேஸில் வைக்க இல்லை. எல்லாம் வேலை செய்கிற சாமான்கள்.

எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பெரியப்பா மகன் ஒருவர் இப்போது டொராண்டோவில் இருக்கிறார். அதனால் இதெல்லாம் அவர் அனுப்புவது என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் எனக்கும் ஒரு சுத்தியல் சொல்லிவிடுங்கள் என்று கேட்டும் விட்டார்கள். அந்த அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. அங்கே கடைக்குப் போனால் பாதிக்கு மேல் சைனாவில் செய்ததுதானாம். கனடாச் சாமான் வேண்டுமென்றால் நீதான் எனக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

இந்தச் சாமான்களால் எனக்கு ஒரு பகையும் வந்தது. என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, மலைக்குக் கீழே பாலசமுத்திரத்தில் தோட்டம் வைத்திருக்கிறார். சில வருஷத்துக்கு முன்னால் அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, ஒரு கதவில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று என் உளியைக் கொண்டுபோயிருந்தேன். சமையல் மும்முரத்தில் அவர் மனைவி, எனக்கு ஓரகத்தி, அந்த உளியை எடுத்து எண்ணெய் டின்னைத் திறந்துவிட்டாள். உளியின் வெட்டு வாய் உடைந்து பெரிய பல்லாக விழுந்துவிட்டது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "ஏத்தா, டின்னு தொறக்க இந்த வீட்டுல ஒரு கரண்டிகூடவா இல்ல?" என்று கேட்டேன்.

புது வீட்டில், பால் பொங்கி முடிந்த அடுப்பு ஆறுவதற்குள், 'இல்ல' என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது. உளியைக் கழுவித் துடைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவள்தான், அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லது கெட்டதில் பார்த்தால் பரிமாறுவாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். நானும் போய் நிற்கவில்லை. உளியைக் கெடுத்தது அவள், நான் எதற்கு இறங்கிப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அந்தக் கோடாலிக்கு வருகிறேன். பழைய இரும்புக் கடையில் தலை மட்டும்தான் கிடைத்தது. காம்பு கறையான் தின்று உதிர்ந்திருந்தது. துருவைத் தேய்த்ததும் ஒரு இலை முத்திரையும் அதே எழுத்தும் தெரிந்தன. நல்ல எடை. கொய்யாக் கிளை ஒன்றை வெட்டிக் காம்பு செதுக்கினேன். பச்சை மரம். அது காய்ந்து, சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்த பிறகுதான் தலையை மாட்டி, மேலே பிளந்து ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பனியில் துணியே காய்வதில்லை, மரம் எங்கே காயும்? அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தலையைச் சும்மா மாட்டி, ஆப்பு அடிக்காமல், அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் தொங்கவிட்டேன்.

தொங்கவிட்டதோடு காம்பில் ஒரு மஞ்சள் துணியும் கட்டினேன். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற மஞ்சப்பைகள் வீட்டில் குவிந்து கிடக்கும். அதைக் கிழித்துத்தான் பழுதான சாமானுக்கெல்லாம் அடையாளம் கட்டுவேன். மஞ்சள் துணி கட்டியிருந்தால் தொடக் கூடாது. எனக்கு அது பழகிப்போன அடையாளம். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிறவர்களுக்குக் கொழுந்தன் வருஷா வருஷம் தோட்டத்தில் சோறு போடுவார். போன பங்குனியில், அதற்கு முந்தின வாரத்தில், ஒரு காலையில், நான் அடுப்பு பற்ற வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கோடாலி தொங்கிய ஆணி காலியாக இருந்தது.

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கோடாலி எங்கே என்று கேட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "தம்பிகிட்ட குடுத்துட்டேன். நேத்து லோடு எறக்கப் போனேன்ல, அப்ப. நீதான் முருகனுக்கு மஞ்சத்துணி முடிஞ்சு வச்சிருந்தீயே. அன்னதான வெறகு அதுலயே பொளக்கட்டும்னுதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வரப் பார்த்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"தல ஆடலையா?" என்று கேட்டேன்.

"ஆடத்தான் செஞ்சுச்சு. முந்தாநாளு ராத்திரி மழத்தண்ணி டிரம்முல ஊறப் போட்டேன். வெள்ளனே எடுத்துப் பாத்தா கல்லு மாதிரி நிக்கிது." அவர் குரலில் அவ்வளவு பெருமை.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் தண்ணீரில் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். மரம் ஊறி உப்பும், இரும்பை இறுக்கிப் பிடிக்கும். மலையில் அந்த ஈரம் நாலு நாள் நிற்கும். பாலசமுத்திரத்தில் பங்குனி வெயில். ஒரு பகல் போதும், மரம் முன்னைவிட அதிகமாகச் சுருங்கிவிடும். ஆப்பும் இல்லை. நேற்றுப் பூரா அது அங்கே சுவரோரம் வெயிலில் சாய்ந்து கிடந்திருக்கும். இன்று காலையில் விறகு பிளப்பார்கள்.

அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்த வீட்டில் விறகு பிளக்கிற முறை எனக்குத் தெரியும். கொழுந்தன் நின்று ஓங்குவார். ஓரகத்தி எதிரே ஒரு அடிமரக் கட்டையில் உட்கார்ந்து, பிளந்ததை இழுத்துப் போட்டு அடுத்த கட்டையை நிமிர்த்தி வைப்பாள். அதில் இரண்டு பேருக்கும் ஒரு தாளம் உண்டு, பார்க்க அழகாகக்கூட இருக்கும். தலை கழன்றால் அது நேரே அவள் மேல்தான் போகும். பக்கத்தில் போகாது, பின்னால் போகாது. அவள் கழுத்தும் நெஞ்சும் இருக்கிற உயரத்துக்கு நேராகப் போகும்.

கொழுந்தன் போனுக்கு அடித்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை செய்யும்போது அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார், போன் சட்டைப் பையில் கிடக்கும். நீயே அவளுக்கு அடி என்றார் வீட்டுக்காரர். நீங்கள் அடியுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. என் போனில் அவள் நம்பரைத் தேடி எடுத்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். இரண்டு முறை மணி அடித்ததும் கட் ஆனது. மூன்றாம் தடவை சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. கோடாலியைத் தொடாதே என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது.

முதலில் அடித்தது, அப்புறம் கட் ஆனது, அப்புறம் ஆஃப் ஆனது. அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. போன் எப்படி ஆஃப் ஆகும்? கையிலிருந்து விழுந்தால் ஆகும். அவள் விழுந்தாலும் ஆகும். "வண்டிய எடுங்க" என்றேன்.

பழனிச் சாலையில் இறங்க ஆரம்பித்தோம். சவரிக்காடு தாண்டுகிறவரை பனி கண்ணாடியில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தைப் பார்க்கக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு இறங்கும்போதும் காற்று சுட்டது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். என் மேல் படுகிற இந்தச் சூடு நேற்றே அந்தக் காம்பின் மேல் பட்டிருக்கும் என்று நினைத்ததும் கை கால் ஜில்லிட்டது. வியர்க்கிறது, ஆனால் குளிர்கிறது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

ஒரு வளைவில் டூரிஸ்ட் பஸ்ஸும் லாரியும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுகொண்டிருந்தன. யார் பின்னால் போவது என்று டிரைவர்களுக்குள் வழக்கு. வீட்டுக்காரர் இறங்கிப் போய்க் கெஞ்சினார். சத்தம் போடத் தெரிந்த மனிதர்தான், அன்றைக்குக் கெஞ்சினார். லாரி பின்னால் நகர்ந்ததும் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"நான் வேணும்னா செஞ்சேன்?" என்றார்.

"பேசாம ஓட்டுங்க."

"சாமிக்கு முடிஞ்சதுனுதான புள்ள நெனச்சேன்."

போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. போனை நெற்றியில் வைத்துக்கொண்டு, முருகா, அந்தத் துணி உனக்கு முடிந்ததாகவே இருக்கட்டும், அவளை விட்டுவிடு என்று சொன்னேன். என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றும் சொன்னேன். எனக்கு அப்போது கோயில் ஞாபகம்கூட இல்லை. அந்தப் புது வீட்டு அடுப்படியில் உளியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்ற அவள் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அடிவாரம் வந்ததும் சாலை நெடுக நடந்து போகிறவர்கள். காவடி, பச்சை வேட்டி, மஞ்சள் புடவை, அரோகரா. எங்கே பார்த்தாலும் மஞ்சள் துணி. அவர்கள் முதுகில் போய் ஹாரன் அடிக்க முடியுமா? மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து போனோம். ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் சிக்னல் வந்தது. அவள் போன் அப்போதும் ஆஃப். கொழுந்தன் போன் அப்போதும் அடித்துக்கொண்டே இருந்தது.

தோட்டத்து வாசலில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். அதைப் பார்த்ததும் வண்டிக் கதவில் கை வைத்தேன். திறக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, "ஏலே... ஏலே..." என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு வழியாக இறங்கிப் போனேன்.

கொழுந்தன் தரையில் உட்கார்ந்திருந்தார். யார் தூக்கியும் எழுந்திருக்கவில்லையாம். கையில் காம்பு மட்டும் இருந்தது. அதில் என் மஞ்சள் துணி அவிழாமல் அப்படியே கிடந்தது. என்னைப் பார்த்ததும், "ஓங்குனேன் மதினி. கை லேசாயிருச்சு" என்றார். அதையே மறுபடியும் சொன்னார். யாரோ ஒருவர் நெற்றியில் பூசிய திருநீறு அவர் மூக்கெல்லாம் கொட்டிக் கிடந்தது.

அவள் எங்கே என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். பிளந்த விறகுக்கு எதிரே அந்த அடிமரக் கட்டை கிடந்தது. கட்டைக்குப் பின்னால் ஒரு தென்னை மரம். கோடாலித் தலை அதில் பாதிக்கு மேல் புதைந்து நின்றது. அதற்குப் பக்கத்தில், தென்னையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அவள் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக நின்றுகொண்டிருந்தாள்.

நேரே போய் அந்தக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். இரும்பு என் கழுத்துக்கு நேராக இருந்தது. அந்த இலை முத்திரை பாதி வெளியே தெரிந்தது. அவள் என்னைவிடக் கொஞ்சம் உயரம். அவளுக்கு அது நெஞ்சுக்கு மேலே வந்திருக்கும்.

வருகிற வழியெல்லாம் திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். போனை எடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும், உயிரைவிடப் பெரிசா உன் வீம்பு என்றெல்லாம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். வாயைத் திறந்தால், "எதுக்குத்தா போன ஆஃப் பண்ணுன?" என்று மட்டும்தான் வந்தது.

அவள் தென்னையிலிருந்து கையை எடுக்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் குரல் எனக்குப் புதுசாக இருந்தது.

"மொத தடவ அடிக்கையில மடியிலதான் கெடந்துச்சு. நீங்கனு பாத்துட்டு இங்கனயே உக்காந்திருந்தேன். மறுபடி அடிச்சீங்க. இவரு பாத்தா எடுத்துப் பேசுனு சொல்லுவாருனு, கட் பண்ணிட்டு எந்திரிச்சு உள்ள போனேன். உள்ள வச்சுதான் ஆஃப் பண்ணேன்." அவள் தென்னையில் நின்ற இரும்பைப் பார்த்தாள். "அப்பத்தான் இவரு கத்துனாரு. ஒங்ககூடப் பேசணும்னு தோணியிருந்துச்சுன்னா, உக்காந்த எடத்துலதான்க்கா பேசியிருப்பேன்."

வெளியே சாலையில் அரோகரா போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, அந்த வெயிலில். அழுகிறேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் தென்னையிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். அவள் உள்ளங்கை ஐஸ் மாதிரி இருந்தது.

"எந்திரிங்கக்கா" என்றாள். "அங்க உக்காராதீங்க."